மகள் படிப்புக்கு வாங்கிய கடன்

மைக்குல பேசி எனக்குப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

மகளுக்கு நர்சிங் சீட் கிடைச்சப்போ ஒரே வாரத்துல 60,000 ரூபாய் கட்டச் சொன்னாங்க. தனியார் பைனான்ஸ்ல ரெண்டே நாள்ல கொடுத்துட்டாங்க. நூத்துக்கு ரெண்டு வட்டி, 24 மாசம், தவணை 3,700. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும்னு நினைச்சேன். கடைசி மாசம் வரைக்கும் அதே 1,200தானாம். பத்தாவது படிச்சவ நான், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். ஆடு ரெண்டும் போச்சு.

குழுக் கூட்டத்துல அழுதுட்டேன். அப்பதான் ஊக்குநர் அக்கா, பேங்க் கல்விக்கடன்ல 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் வேண்டாம், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுக் கட்ட ஆரம்பிக்கலாம்னு சொன்னாங்க. (வட்டி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும், அதையும் சொல்லிடுறேன்.) வித்யாலட்சுமி இணையதளத்துல பதிஞ்சோம். பேங்க்ல ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாங்க. மூணாவது தடவை குழுவுல ஆறு பேர் கூட வந்தாங்க. "முடியாதுன்னா எழுதிக் கொடுங்க சார்"னு கேட்டோம். மனுவை வாங்கிக்கிட்டாங்க.

ரெண்டாம் வருஷ பீஸ் பேங்க்லேர்ந்து நேரா காலேஜுக்கே போயிடுச்சு. பைனான்ஸுக்கு இன்னும் நாலு தவணை பாக்கி. இந்த வருஷம் பிள்ளைங்களைச் சேர்க்கிறவங்க மார்க் ஷீட்டும் பீஸ் விவரமும் எடுத்துக்கிட்டு சனிக்கிழமை கூட்டத்துக்கு வாங்க. பேங்குக்கு நானும் கூட வரேன்.