சாசூன் துறையை ஆளும் குடும்பங்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவியிலும் சயான் கோளிவாடாவிலும் குடியிருக்கிற நாம் "கோளிவாடா" என்ற சொல்லை நாள்தோறும் உச்சரிக்கிறோம். பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோம். ரேஷன் கார்டில் எழுதி வைத்திருக்கிறோம். அது யாருடைய வாடா? கோளிகள் என்னும் மீனவ மக்களின் குடியிருப்பு. தாராவியே ஒரு காலத்தில் மாஹிம் உப்பங்கழியோரத்து மீனவர் கிராமம். நம் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து இறங்கியபோது, அம்மக்கள் அதற்கும் முன்பிருந்தே அங்கே குடியிருந்தார்கள். பிறகு கழி தூர்ந்தது, சாக்கடை கலந்தது, மீனும் போயிற்று. இன்று அவர்கள் தொழிலை முழு உருவில் காண வேண்டுமானால் கொலாபாவுக்கு, சாசூன் துறைக்குப் போக வேண்டும்.

அந்தத் துறைக்குப் பெயர் தந்தது ஒரு செல்வக் குடும்பம். பாக்தாத்திலிருந்து 1830களில் பம்பாய் வந்த யூத வணிகர் டேவிட் சாசூன். பஞ்சும் அபினியும் விற்றுப் பெரும்பொருள் குவித்த குடும்பம். அவர் மகன் ஆல்பர்ட் சாசூன், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 1875-இல் இத்துறையைக் கட்டினார். பஞ்சுப் பொதி ஏற்றத்தான் கட்டினார், மீனுக்காக அல்ல! 1879-இலேயே அது கைமாறி அரசின் வசமாயிற்று. ஆக, சாசூன் குடும்பம் துறையை வைத்திருந்தது நான்கே ஆண்டு. 1880-இல் பிரின்ஸ் துறை, 1888-இல் விக்டோரியா துறை, 1914-இல் அலெக்சாண்டிரா துறை என்று வர, பெரிய கப்பல்கள் அங்கே போயின. சாசூன் துறை மீன்படகுகளின் துறையாயிற்று. பெயர்ப்பலகையில் சாசூன், கூடையும் கணக்கும் கோளிக் குடும்பங்களிடம்.

அந்தக் குடும்பத்தின் ஏற்பாட்டைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கடல் ஆணுக்கு, கரை பெண்ணுக்கு. படகு கரை தொட்டதும் மீன் பெண்ணின் பொறுப்பாகிவிடும். விலை பேசுவது, ஏலம் விடுவது, கடன் கொடுப்பது, காசை முடிந்து வைப்பது எல்லாம் அவள்தான். மாமியார் உட்கார்ந்த இடத்தில் மருமகள் உட்காருகிறாள். விடியுமுன்னே படகிலிருந்து கூடைகள் கைக்குக் கை பறந்து வரும். வவ்வால், இறால், பொம்பில் என்று தரம் பிரிப்பார்கள். ஐஸ் உடைக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சில்லறை வியாபாரத்துக்குப் போகும் பெண்கள் கூடையோடு லோக்கல் ரயிலின் சாமான் பெட்டியில் ஏறிவிடுவார்கள். நாற்றம் என்று மூக்கைப் பிடிக்கிற கனவான்கள் மத்தியானம் அதே மீனைத்தான் வறுத்துத் தின்கிறார்கள்!

இந்த ஏற்பாட்டுக்குத்தான் இன்று ஆபத்து. இயந்திரப் படகும் இழுவை வலையும் வந்தபின், இறால் ஏற்றுமதிக்குப் பணம் போடுகிறவன் கை ஓங்கியது. டீசலுக்கு முன்பணம் கொடுத்தவனுக்கே மீனைக் கொடுக்க வேண்டிய நிலை. அங்கே இறால் உரிக்கும் பெண்களுக்கு எடைக்குத்தான் கூலி. பிழைக்க வந்த வெளிமாநிலத்துப் பெண்களும் அவர்களில் உண்டு. துறை நிலமோ துறைமுக ஆணையத்தின் சொத்து; தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்தவளுக்கு அங்கே ஒரு சாண் பட்டா இல்லை. நகருக்குள்ளும் இதே கதைதான். 2021-இல் கிராஃபோர்டு மார்க்கெட் அருகிலிருந்த மொத்த மீன் சந்தையை, கட்டடம் பழுது என்று மாநகராட்சி மூடியது. நவி மும்பையின் ஐரோலிக்குப் போகச் சொன்னார்கள். கோளிப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

தோழர்களே, ஒன்றை ஒளிக்காமல் பேசுவோம். வெளியூரிலிருந்து வந்து தெருத்தெருவாக மீன் விற்கும் ஆண்களால் எங்கள் பிழைப்புப் போகிறது என்று இப்பெண்கள் குறைகூறுகிறார்கள். இதைக் கேட்டதும் நமக்குச் சுருக்கென்கிறது. 1960களின் கடைசியில் "தென்னாட்டானே வெளியேறு" என்ற கூச்சலைக் கேட்ட கூட்டம் நாம். கடைகள் உடைபட்டதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனாலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. அன்று வெறுப்பை மூட்டியது அரசியல். இன்று இவள் கேட்பது தாய் உட்கார்ந்த இடத்தை. கூடை சுமந்து வரும் பீகார் தம்பியும் அவளுக்குப் பகைவனல்லன். சந்தையை இடித்து மாடி கட்டத் துடிப்பவன் அவளையும் விடமாட்டான், அவனையும் விடமாட்டான், நம் குடிசையையும் விடமாட்டான்.

அவர்களுடைய கோரிக்கைகளில் முதன்மையானது, கோளிவாடாக்களின் எல்லையை அளந்து உரிமை எழுதித் தர வேண்டும் என்பது. நம் சங்கம் அதை ஆதரிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இன்று இங்கேயே பேசி முடிவெடுப்போம்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் இயந்திரப் படகுகளுக்குத் தடை. நாரளி பூர்ணிமை அன்று கடலுக்குத் தேங்காய் படைக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் குடும்பத்தோடு துறைக்குப் போய்ப் பாருங்கள். விடியுமுன்னே போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறினால் நல்ல மீன் இருக்காது.