கையெழுத்துக்கு முன்னாடி ஒரு காகிதம்



எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் பேட்லாக் டைலர். நான் வீட்டில் இருந்தே பீஸுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன். "உனக்கு நடந்ததைச் சொல்லு கண்ணு, அது போதும்"னு எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க. அதனால வந்து நிக்கறேன்.

2023-ல் எங்க ஓட்டு வீட்டைப் பிரிச்சுட்டு தார்சு வீடு கட்டலாம்னு 4 லட்சம் கடன் கேட்டோம். ஊருக்குள்ள கடன் வாங்கித் தர்ற ஒருத்தர் வந்தாரு. "பேங்குக்குப் போனா அலைய விடுவாங்க, நான் பத்து நாள்ல முடிச்சுத் தர்றேன், நூத்துக்கு மூணு குடுத்துருங்க"ன்னாரு. ஒரு பைனான்ஸ் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனாரு. காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோம். எத்தனை கையெழுத்துன்னு கூட எண்ணலை.

கணக்குல வந்து விழுந்தது 3,73,060 ரூபாய். பிராசஸிங் கட்டணம் ஜிஎஸ்டியோட 9,440, இன்சூரன்ஸ் 14,000, வக்கீல் பார்த்ததுக்கு 3,500ன்னு பிடிச்சுட்டாங்க. அன்னைக்கு சாயங்காலமே தரகர் 12,000 ரொக்கமா வாங்கிட்டுப் போயிட்டாரு. ஆக 38,940 ரூபாய் எங்க கைக்கு வரவேயில்லை. ஆனா வட்டி மட்டும் முழு 4 லட்சத்துக்கும் கட்டறோம். கடைசியில பூச்சு வேலைக்குக் காசில்லாம சுவரு செங்கல்லாவே நின்னுச்சு.

இது எனக்கு மட்டும்தான்னு நினைச்சேன். ஒரு நாள் குழுக் கூட்டத்துல தீர்மானப் புத்தகம் எழுதிக்கிட்டே இதைச் சொன்னப்போ, "எனக்கும் இப்படித்தான்"னு ஒரு அக்கா சொன்னாங்க. பக்கத்துக் குழுவையும் சேர்த்துப் பார்த்தா அஞ்சு பேரு. அதே தரகர், அதே கம்பெனி. ஒருத்தருக்கும் இன்சூரன்ஸ் பத்திரம் வீட்டுக்கு வரலை.

அஞ்சு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். ரெண்டு வாரத்துல எங்கள்ல ஒரு அக்காவை மட்டும் தனியா போன்ல கூப்பிட்டாங்க. "5,000 தர்றோம், புகார் இல்லைன்னு எழுதிக் குடுத்துருங்க"ன்னாங்க. மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டற நேரம். அவங்க எழுதிக் கொடுத்துட்டாங்க. மத்த நாலு பேரும் விடலை. ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போவோம்னு இன்னொரு கடிதம் போட்டோம். அதுக்கப்புறம் இன்சூரன்ஸ் பணம் 14,000 நாலு பேருக்கும் திரும்பி வந்துச்சு. தரகு 12,000 வரலை. "அவர் எங்க ஆள் இல்லை"ன்னுட்டாங்க. எங்ககிட்ட ரசீதும் இல்லை.

அந்த அக்கா மேல எனக்குக் கோபம் இல்லீங்க. அந்த போன் வந்த அன்னைக்கு நாங்க யாராவது அவங்க பக்கத்துல இருந்திருக்கணும். அதுதான் எங்க தப்பு.

அப்புறம் எங்களுக்கு வகுப்பெடுக்க வந்த வக்கீலம்மா சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். அமெரிக்காவுலயே வீட்டுக் கடன் தரகர்கள், வட்டி கூடினா தங்களுக்குக் கமிஷன் கூடும்னு ஏழை சனங்களைக் கூடுதல் வட்டியில தள்ளி விட்டாங்களாம். கடன்காரங்க சேர்ந்து கூட்டு வழக்குப் போட்டிருக்காங்க. 2010-ல் போட்ட சட்டத்துல அந்த மாதிரிக் கமிஷனைத் தடை பண்ணிட்டாங்க.

நம்ம நாட்டிலும் அந்த வழி இருக்குங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 35-ஆவது பிரிவுப்படி, ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவங்க எல்லாருக்காகவும் ஒருத்தரோ சில பேரோ ஆணையத்தோட அனுமதி வாங்கி வழக்குப் போடலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அப்படிப் போட்ட வழக்கை எல்லாருக்கும் நோட்டீஸ் கொடுக்காம சமரசம் பண்ணி முடிக்க முடியாது. நாங்க போட்டது வெறும் மனு, அதனாலதான் ஒருத்தரைத் தனியாப் பிரிக்க முடிஞ்சுது. அந்த மாதிரி நோட்டீஸ் உங்க வீட்டுக்கு வந்தா மடிச்சு வெச்சுராதீங்க. அதோட முடிவு உங்களையும் கட்டுப்படுத்தும். சமரசம் சரியில்லைன்னா நாமளும் உள்ள போய்ச் சொல்லலாம்.

வக்கீலுக்குக் காசு எங்கேன்னு கேப்பீங்க. பொம்பளைகளுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிடுங்க.

இனிமே கடன் வாங்கறவங்க மனசுல வெக்க வேண்டியது இதுதான்.

2024 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கற வீட்டுக் கடன், குழுக் கடன் மாதிரியான கடனுக்கெல்லாம் "முக்கிய விவரங்கள்" காகிதம் ஒண்ணு, நமக்குப் புரியற மொழியில தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம்னு அதுல இருக்கும். அதுல எழுதாத கட்டணத்தை நம்ம சம்மதமில்லாம வாங்கக் கூடாது. படிச்சுப் பார்க்கக் குறைஞ்சது மூணு வேலை நாள் உண்டு. "இப்பவே போடுங்க"ன்னு அவசரப்படுத்தினா எந்திரிச்சு வந்துருங்க. இன்சூரன்ஸ், வக்கீல் செலவுக்கு ரசீதும் கேளுங்க.

வீட்டுக் கடனை முழுசாக் கட்டி முடிச்சா 30 நாளைக்குள்ள பத்திரத்தைத் திருப்பித் தரணும். அவங்க பக்கத்துத் தாமதம்னா நாளுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தரணும்.

நம்ம குழு வங்கிக் கடன் 10 லட்சம் வரைக்கும் அடமானமே கேக்கக் கூடாது. அதுக்குக் கமிஷன் கேட்டு யாராவது வந்தா, பேரை எழுதி வெச்சுட்டு கூட்டமைப்புல சொல்லுங்க.

குறை இருந்தா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல கொடுத்து ரசீது வாங்குங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னாலும், பதில் சரியில்லைன்னாலும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேக்க 14448.

எங்க வீட்டுச் சுவர் இப்போ பூசியாச்சுங்க. திரும்பி வந்த 14,000-த்துலதான் பூசினோம். அந்த அக்கா இன்னமும் எங்க குழுவுலதான் இருக்காங்க. இப்போ யாரு கடன் வாங்கப் போனாலும் தனியாப் போக விடறதில்லை, கூட ரெண்டு பேரு போறோம். முதல் ஆளா அவங்கதான் கிளம்புவாங்க.