பூட்டைத் திறந்த சிறுவன்



பாகாலாவில் ரயில் ஏறி காட்பாடியில் இறங்கினால் வேலூர். பெரிய வைத்தியம் என்றால் இந்தச் சித்தூர்ப் பக்கத்து மக்கள் தலைமுறைகளாகப் போகிற வழி அது. 1946-இல் அந்த வேலூருக்கு லண்டனிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். மருத்துவம் படிக்கும் முன் சில ஆண்டுகள் தச்சுவேலையும் கட்டட வேலையும் பழகியவர். பாடத்திட்டத்துக்கு வெளியே கற்றதை வீண் என்று நினைக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 1951-இல் வேலூரில் தொழுநோயாளிகளுக்காகப் புதுவாழ்வு மையம் தொடங்கியபோது அந்தத் தச்சுத்தொழிலைத்தான் அவர் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்றே அன்று மருத்துவர்களும் நம்பினார்கள். ஒருநாள் சரக்கறையின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தார். பத்து வயது மதிக்கத்தக்க ஒரு நோயாளிச் சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். கையைப் பிடித்துப் பார்த்தால், சாவி எலும்புவரை கிழித்திருந்தது. சிறுவனுக்கு வலிக்கவே இல்லை.

விரலை அழிப்பது இப்படி உணராமல் படும் காயங்கள்தானோ என்று, அன்றிலிருந்து பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். ஒருவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியிருந்தார். இன்னொருவர் செருப்பில் ஏறிய ஆணியோடு நாள்முழுக்க நடந்திருந்தார். இரவில் விரல் காணாமல் போனதற்குக் காரணம் எலி! மரத்த விரலை எலி கடித்தால் தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? மையத்துக்குப் பூனைகள் வந்தன. குணமாகி ஊர் திரும்புகிறவர்களோடும் ஒரு பூனை போனது.

சுகாதாரக் கல்வி என்பது இதுதான். நோயாளி எப்படிச் சமைக்கிறார், எதன்மேல் படுக்கிறார், எதில் நடக்கிறார் என்று பார்த்துவிட்டு, அதற்கேற்பச் சொல்வது. தினமும் கைகாலைச் சோதித்துப் பார், கைப்பிடிக்குத் துணி சுற்று, மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பைப் போடு. மடங்கிப்போன விரல்களை பிராண்ட் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார்; அவற்றைப் பிழைக்கவைத்தது இந்தச் சின்னச்சின்னப் பாடங்கள்தாம்.

1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்ற பாதப் பராமரிப்பு அங்கே சர்க்கரை நோயாளிகளின் புண்ணுக்கும் கைகொடுத்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர் என்கிறது 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. தொழுநோயும் ஒழிந்துவிடவில்லை, உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினர்.

இன்று பட்டம் பெறும் இளம் செவிலியர்களே, உங்களில் சிலர் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போவீர்கள். அங்கே நீங்கள்தான் வெளியூர்க்காரர். முதல் சில மாதங்கள் அங்குள்ளவர்களின் வாழ்க்கையைக் கவனியுங்கள். அறிவுரையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஊரோடு இருப்பவர்கள், மாதம் ஒருமுறையாவது பக்கத்துக் கிராமத்துக்குப் போய்ச் சர்க்கரை உள்ளவர்களின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பாருங்கள். கண் மங்கிய பாட்டி என்றால், பேரனைக் கூப்பிட்டு, தினமும் எங்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்குக் காட்டிக்கொடுங்கள். தெலுங்கிலும் தமிழிலும் சொல்ல உங்களுக்கு வரும். சித்தூர்ப் பக்கத்தில் இரண்டும் வேண்டியிருக்கும்.