மாமரத்துக் குருவிச்சை



1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட பல குடும்பங்கள் இருபது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் தங்கள் வளவைக் கண்டன. அப்படியான வளவில் வீடு இடிந்து கிடந்தாலும் கறுத்தக் கொழும்பான் நிற்கும், பச்சைப் பசேலென்று. காய் மட்டும் இராது. கிட்டப் போய் அண்ணாந்து பாருங்கள். அந்தப் பச்சையில் பாதி மாவிலை அல்ல, குருவிச்சை.

பழத்தைத் தின்னும் சின்னக் குருவி, பசை பிடித்த விதையைக் கொப்பில் விட்டுப் போகும். அது அங்கேயே முளைத்து மரத்துக்குள் உறிஞ்சியை இறக்கும். இலை பச்சையாக இருப்பதால் உணவைத் தானே ஆக்கும். தண்ணீரும் மண்ணின் சத்தும் மாமரத்தினுடையவை. ஒட்டிய இடம் முண்டாக வீங்கும். அதற்கு அப்பால் உள்ள கொப்பு மெலிந்து, காய்ப்புக் குறைந்து, கடைசியில் பட்டுப்போகும்.

இதிலும் ஒரு நல்ல காலம் உண்டு. உக்ரைன், துருக்கி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் சூரியகாந்தியின் வேரில் ஒரோபாங்கி என்ற ஒட்டுண்ணிக் களை ஒட்டுகிறது. அது மண்ணுக்கு மேலே தலை காட்டும்போதே பயிர் நலிந்திருக்கும். தூசு போன்ற அதன் விதை பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும். எங்கள் குருவிச்சை கண்ணுக்குத் தெரிகிறது. நிலத்தில் விழுந்தால் பிழைக்காது.

ஆகவே “இது இனிக் காய்க்காது, தறித்து விறகாக்குவோம்” என்று அவசரப்படாதீர்கள். புது ஒட்டுக்கன்று காய்க்க நாலைந்து வருடம் பார்த்திருக்க வேண்டும். உயிருள்ள பழைய மரம் அதற்கு முன்பே கைகொடுக்கக்கூடும்.

முதலில், கண்ணிவெடி அகற்றியதாக உறுதி செய்யப்படாத வளவுக்குள் மரம் பார்க்கவும் போக வேண்டாம். பழைய மரங்களுக்குள் செல் துண்டுகள் புதைந்திருக்கலாம். இயந்திர வாள் பிடிப்பவருக்கு அதைச் சொல்லி வையுங்கள்.

குருவிச்சையை வெறுமனே முறித்து இழுத்தால் உள்ளே இருக்கும் உறிஞ்சியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். முண்டுக்குக் கீழே, அதாவது மரத்தின் அடிப்பக்கமாக, ஒன்றிரண்டு அடி விட்டுக் கொப்போடு தறிக்க வேண்டும். மாம்பழம் பறித்து முடிந்தபின், மாரி மழைக்கு முன் செய்வது நல்லது. ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் தறித்தால் மரம் தாங்காது. மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள். மற்றக் கொப்புகளில் உள்ளதைப் பழுக்க விடாமல் கொக்கைத்தடியால் இழுத்துவிட்டால் போதும். அடிமரத்தில் ஒட்டியிருந்தால் தறிக்க முடியாது. துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெட்டு முகத்தில் போர்டோக் கலவையைப் பசையாகப் பூசலாம். கலக்கும் அளவைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

வெட்டிய குழையை எரிக்க வேண்டாம். ஆடு விரும்பித் தின்னும்.

பக்கத்து வளவுக்காரர் இன்னும் வராமல் இருக்கலாம். அவருடைய மரத்திலிருந்து குருவி விதையை உங்கள் பக்கம் கொண்டுவரும். அதற்காக அவரைக் கேளாமல் கத்தி வைக்காதீர்கள், காணிப் பிணக்காக முடியும். முகாமில் இருந்தாலும் வெளிநாட்டில் இருந்தாலும் தொலைபேசியில் ஒரு சொல் கேட்டு, கிராம அலுவலருக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.