கோப்புகளைக் கட்டி வைக்கும் முறை



தோட்டப் பள்ளிகளின் அலுவலக அலமாரியில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் சில இருக்கும். அட்டை கிழிந்து, ஓரம் பழுப்பேறி, ஓரிரு பக்கங்களில் கரையானும் தன் வழியைப் போட்டிருக்கும். தோட்டம் கைமாறி, மக்கள் பட்டணத்துப் பக்கம் குடிபோன பின்னரும் எப்போதாவது ஒருவர் தேடி வருவார். "ஐயா, எங்கள் அம்மா இங்கேதான் படித்தார். அவர் பெயர் இருக்கிறதா, கொஞ்சம் பாருங்கள்" என்பார். பிறப்புப் பத்திரம் இல்லாத குடும்பத்திற்கு அந்த ஒரு வரி துணைச் சான்றாகவும் ஆகக்கூடும். ஆகவேதான் எங்கள் பள்ளி ஆசிரியர்கள் கூடி, அவ்வேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணினியில் ஏற்றினோம்.

ஏற்றிய பிறகு வந்தது கேள்வி. இத்தனை கோப்புகளையும் ஒரே கட்டாகச் சுருக்கி வைக்க வேண்டும். ஆனால் கட்டும் செயலியைத் திறந்தால் எந்த வகை, எந்த அளவு அழுத்தம், கடவுச்சொல் உண்டா என்று பலவும் கேட்கிறது. பெரும்பாலோர் எதையும் படிக்காமல் 'சரி' என்பதை அழுத்திவிடுகிறோம். அவற்றில் எதைத் தேர்ந்தால் என்ன நேரும் என்பதே இன்றைய பேச்சு.

முதலில், கணினி எவ்வாறு சுருக்குகிறது? பள்ளிப் பதிவேட்டில் ஒரே தோட்டத்தின் பெயரை நாற்பது வரிகளிலும் எழுத யாருக்கும் பொறுமை இராது. முதல் வரியில் எழுதிவிட்டு, கீழே 'மேற்படி, மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவோம் அல்லவா? 1977ஆம் ஆண்டில் ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் சிவ் என்னும் இரு இஸ்ரேலிய அறிஞர்கள் வெளியிட்ட முறையின் உயிர்நாடி இதுவே. முன்னே வந்த தொடர் மீண்டும் வந்தால் அதனை மறுபடி எழுதாமல், 'இத்தனை எழுத்துக்குப் பின்னால் போய், இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்று குறித்துவிடுகிறது கணினி. பிரிக்கும்போது ஓர் எழுத்தும் குறையாமல் பழையபடி வந்துவிடும்.

இதில் நம் தமிழுக்கு ஓர் ஆதாயம் உண்டு. இன்று பெரிதும் வழங்கும் யுடிஎஃப் எட்டு முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'அ' என்பதற்கு மூன்று பைட், 'கி' என்பதற்கு ஆறு. ஆனால் தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட்டும் ஒன்றேதான். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் இம்முறையின் வேலை என்பதால், தமிழில் தட்டெழுதிய பெயர்ப் பட்டியல் மிக நன்றாகச் சுருங்கும்.

படங்கள் சுருங்குமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உறைந்த பாலை உருளை எந்திரத்தில் கொடுத்தால் நீர் வழிந்து தகடு வெளிவரும். அந்தத் தகட்டையே மறுபடியும் மறுபடியும் உருளையில் கொடுத்தால் கை வலிக்குமே தவிர, நீர் வராது. கைப்பேசி எடுக்கும் ஜேபெக் படமும், எம்பி3 பாட்டும், எம்பி4 காணொளியும் ஏற்கெனவே பிழிந்த தகடுகள். வேர்டு, எக்செல் செயலிகளில் 2007 முதல் வழங்கும் கோப்பு வகைகளும் உள்ளே ஸிப் கட்டுகளே. நாங்கள் இதனை உணராமல், படங்கள் நிறைந்த கோப்புறைக்கு 'அல்ட்ரா' என்னும் மிகுந்த அழுத்தத்தைத் தேர்ந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் வேறுபாடே இல்லை என்னும்படி இருந்தது.

ஆகவே படக் கட்டுக்கு 'ஸ்டோர்' என்பதைத் தேருங்கள். அது பிழியாது, சேர்த்துக் கட்ட மட்டும் செய்யும், நொடியில் முடியும். பட்டியல்களுக்கும் கட்டுரைகளுக்கும் 'நார்மல்' போதும். அப்படியானால் படங்களைக் கட்டுவதே வீண் என்று எண்ண வேண்டாம். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாகவே அனுப்பினால் அதன் தெளிவு குறைக்கப்படுகிறது. மங்கிய மைக்கு அது ஆகாது. கட்டி ஆவணமாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடியே போய்ச் சேரும்.

அடுத்தது, எந்த வகைக் கட்டு? பெறுபவர் யார் என்பதை நினைத்துத்தான் இதற்கு விடை கூற வேண்டும். ஸிப் என்பது 1989இல் அமெரிக்கரான பில் காட்ஸ் தந்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதல் வேறு செயலி இன்றியே அது திறக்கிறது. இன்றைய கைப்பேசிகளிலும் திறக்கும். 7-ஸிப் என்பது இகோர் பாவ்லோவ் என்பவர் 1999 முதல் இலவசமாக வழங்கிவரும் செயலி; அதன் சொந்த வகையான 7இஸட் இன்னும் சிறிதாகச் சுருக்கும். காரணம், வழக்கமான ஸிப் முறை 'மேற்படி' போடுவதற்கு 32 கிலோபைட் தூரம்தான் திரும்பிப் பார்க்கும். மற்றது பல மெகாபைட் தூரம் பார்க்கும். இந்தத் தூரத்தைத்தான் அச்செயலியில் 'அகராதி அளவு' என்கிறார்கள். 64 மெகாபைட் அகராதி கேட்டால், கட்டும்போது ஏறத்தாழ 700 மெகாபைட் நினைவகம் வேண்டும். பள்ளியில் இருக்கும் பழைய கணினி அதற்கே திணறும். பிரிப்பதற்கோ அகராதி அளவைவிடச் சற்றே கூடுதலான இடம் போதும்.

விண்டோஸ் 11, 2023 முதல் 7இஸட் கட்டையும் தானே திறக்கிறது. ஆயினும் பெற்றோருக்கோ, வேறு அலுவலகத்திற்கோ அனுப்புவதை நாங்கள் ஸிப்பிலேயே கட்டுகிறோம். நூற்றுக்கு ஐந்தோ பத்தோ குறைவதற்காகப் பெறுபவரை அலைக்கழிப்பது முறையன்று என்பது எங்கள் எண்ணம்.

'சாலிட்' என்றொரு தேர்வு 7இஸட் வகையில் உண்டு. ஸிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே சுருக்கப்படுகிறது. சாலிட் கட்டிலோ பல கோப்புகளை ஒரே நீண்ட தாளாக ஒட்டி, அதன்பின் சுருக்குகிறார்கள். ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும் பல கோப்புகளுக்கு இது வியப்பான பலன் தரும். ஆனால் தாளின் நடுவே பழுது ஏற்பட்டால், அதற்குப் பின்னுள்ளவை 'மேற்படி' எதனைக் குறிக்கிறது என்று தெரியாமல் நின்றுவிடும்.

ஒன்றை ஒன்று நம்பி நிற்கும் கட்டின் துன்பத்தை நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலேயே கண்டவர்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் எங்களிடம் இருந்தவை 1.44 மெகாபைட் நெகிழ்வட்டுகள். குழுவாகச் செய்த ஒப்படைப்பை ஐந்து வட்டுகளில் துண்டாக்கிக் கொண்டுபோனோம். நான்காவது வட்டு படிக்கவில்லை. மற்ற நான்கும் நன்றாகத்தான் இருந்தன. எழுதிய ஆறு பேரும் இரவெல்லாம் விழித்து மறுபடி எழுதினோம். துண்டாக்கும் தேர்வு இன்றும் இருக்கிறது, தேவையின்றித் தொடாதீர்கள். நான்கு கிகாபைட்டை எட்டும் கோப்பை ஏற்காத பழைய முறையில் அமைந்த பென்டிரைவுக்கு மட்டும் அது உதவும்.

இனிக் கடவுச்சொல். பதிவேட்டில் பெற்றோர் பெயரும், பிறந்த நாளும், அடையாள எண்ணும் உள்ளன. திறந்த கட்டாக அனுப்பலாகாது. ஸிப்பில் கடவுச்சொல் இடும்போது ஸிப்கிரிப்டோ, ஏஇஎஸ் 256 என்று இரண்டு தேர்வுகள் காட்டும். முன்னது பழைய பூட்டு; அதனைத் திறக்கும் வழியை 1994இலேயே அறிஞர் இருவர் ஆய்வாக வெளியிட்டுவிட்டனர். பின்னதே வலிமையானது. பெறுபவரிடமும் 7-ஸிப் போன்ற செயலி இருக்க வேண்டிவரும். இந்த ஓர் இடத்தில் அலைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: ஸிப்பைப் பூட்டினாலும் உள்ளிருக்கும் கோப்புகளின் பெயர்கள் வெளியே தெரியும். மாணவர் பெயரையே கோப்பின் பெயராக இட்டிருந்தால் பூட்டியும் பயன் குறைவு. 7இஸட் வகையில் பெயர்களையும் மறைக்கும் தேர்வு உண்டு.

நல்ல பூட்டுக்கு மாற்றுச் சாவி கிடையாது என்பதையும் கூறிவிட வேண்டும். நாங்கள் பதிவேட்டுப் படங்களை ஏஇஎஸ் கொண்டு பூட்டினோம். நீண்ட கடவுச்சொல்லாக அமைத்தோம். எழுதி வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எழுதவில்லை. இடம் அடைக்கிறதே என்று தனிப் படங்களையும் அழித்துவிட்டோம். ஆண்டிறுதி விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், எங்களில் ஒருவருக்கும் அச்சொல் சரியாக நினைவில் இல்லை. பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா, எண் முன்னேயா, பின்னேயா என்று இரண்டு வாரம் முயன்றோம், திறக்கவில்லை.

ஏடுகள் அலமாரியில்தானே இருக்கின்றன என்று மூன்று சனிக்கிழமைகள் வந்து மறுபடியும் படமெடுத்தோம். விடுமுறையில் பெய்த மழையில் கூரை ஒழுகியிருந்தது. ஓர் ஏட்டில் சில தாள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பிரித்தபோது மை மற்றத் தாளோடு போயிற்று. அப்பக்கங்கள் பூட்டிய கட்டுக்குள் இன்றும் தெளிவாகவே இருக்கின்றன.

இப்போது எங்கள் முறை இது. படங்கள் ஸ்டோர் முறையில், ஆண்டுக்கு ஒரு கட்டாக இருக்கின்றன. துண்டு இல்லை, சாலிட் இல்லை. கட்டி முடித்தவுடன் 'டெஸ்ட்' என்பதை அழுத்திப் பிழையில்லை என்று வந்த பிறகே அடுத்த வேலை. ஒரு பிரதி பள்ளியில், ஒரு பிரதி வேறோர் இடத்தில். கடவுச்சொல் ஓர் உறையில் இட்டு, இரும்புப் பெட்டியில் இருக்கிறது. உறைக்கு அரக்கு வைக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியர். பட்டணத்துக் கடைகளில் அரக்கு கிடைக்கவில்லை. ஒட்டுத்தாள் ஒட்டி, மேலே மூவர் கையெழுத்திட்டிருக்கிறோம்.