தேதியைத் திருத்தும் நேரம்



எங்கள் அப்பா பல ஆண்டுகள் கட்டியிருந்த கைக்கடிகாரம் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரம். முகப்பில் கிழமைக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என இரண்டு சிறு கட்டங்கள். அப்பாவின் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்த இரவு, உடன்பிறந்த நாங்கள் மூவரும் பெட்டியைத் திறந்து அதை எடுத்தோம். சாவி கொடுத்ததும் ஓடத் தொடங்கியது. மணியைச் சரியாக வைத்தோம், அப்போது பத்தரை. தேதியோ அப்பா இறந்த மறுநாளிலேயே நின்றிருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் வேகமாகத் திருகினோம். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். அதன் பிறகு கிழமை மாறியது. தேதி மாறவே இல்லை.

அதே இரவில் மருத்துவமனைச் செலவுக் கணக்கையும் எடுத்தோம். யார் எவ்வளவு கொடுத்தது, யார் வந்து எட்டிப் பார்க்கவில்லை என்று பேச்சு முற்றியது. தம்பி எழுந்து, சாப்பிடாமலே பேருந்து ஏறிப் போய்விட்டான்.

கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனோம். முள்ளையும் முகப்பையும் கழற்றிக் காட்டினார். தேதி வளையத்தில் 31 பற்கள். கிழமைச் சக்கரத்தில் 7. ஒரு நாளைக்கு ஒரு முறை சுற்றும் சிறு சக்கரம் ஒன்றில் விரல் போன்ற துண்டு இருக்கிறது; அதுதான் தேதியைத் தள்ளுகிறது. அது ஒடிந்திருந்தது.

“ராத்திரி ஒன்பது மணியிலேருந்து விடியக்காலை மூணு மணி வரைக்கும் இந்த விரல் பல்லுக்குள்ள மாட்டியிருக்கும், சாமி. அந்த நேரத்துல அதுவே தள்ளிக்கிட்டு இருக்கும். நாம வெளியிலேருந்து திருகினா ஒடியத்தான் செய்யும். கடிகாரத்து மேல குத்தமில்லை” என்றார்.

திருத்தும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். முதலில் முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு தேதியை இன்றைக்கு வைக்காமல், நேற்றைக்கு வைக்க வேண்டும். அதன் பின் முள்ளை முன்னோக்கி மெதுவாகச் சுற்றினால், நள்ளிரவைக் கடக்கும்போது தேதி தானாகவே இன்றைக்கு வந்து சேரும்.

அன்பர்களே, திருத்தம் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. 31 நாள் இல்லாத மாதங்கள் ஆண்டுக்கு ஐந்து வருகின்றன. அந்த ஐந்து முறையும் நல்ல கடிகாரத்துக்கும் தேதியை நாம்தான் திருத்த வேண்டும்.

திருச்சபையும் ஒருமுறை தேதியைத் திருத்தியது. பழைய ஜூலியன் நாள்காட்டி ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் கூடுதலாகக் கணக்கிட்டது. நூற்றாண்டுகளில் அது 10 நாள் பிழையாகச் சேர்ந்து, உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைக் கணிப்பதே சிக்கலானது. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி, இயேசு சபைக் குரு கிறிஸ்டோபர் கிளாவியுஸ் போன்ற அறிஞர்களின் துணையோடு 1582 பிப்ரவரி 24 அன்று திருத்தத்தை ஆணையிட்டார். ஆனால் அன்றே மாற்றவில்லை. அக்டோபர் வரை பொறுத்தார்கள். ரோமையிலும் ஸ்பெயினிலும் அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி ஆனது. அவிலா நகர்ப் புனித தெரேசா இறந்தது அந்த இரவில்தான். தேதி பத்து நாள் தாண்டியது. கிழமையோ ஒன்றுகூடத் தவறவில்லை. தவறாக இருந்ததைத் திருத்தினார்கள். சரியாக இருந்ததைத் தொடவில்லை.

நாங்கள் அந்த இரவில் இரண்டையும் மறந்தோம். துக்கம் இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் கணக்கைத் திருகினோம். கணக்கோடு நிற்காமல் தம்பியின் பாசத்தையும் குறை சொன்னோம்.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் அவன் வீட்டுக்குப் போனோம். கணக்குச் சீட்டைக் கொண்டுபோகவில்லை. அப்பா படுத்திருந்த நாள்களிலிருந்து பேச்சைத் தொடங்கினோம். அந்த நாள்களில் தனக்கு வேலை போயிருந்ததையும், கைச்செலவுக்கும் பணமில்லாமல் வர வெட்கப்பட்டதையும் அவனே சொன்னான். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான். கேட்டோம்.

பொழுது சாயுமுன் சினம் தணிய வேண்டும் என்பது புனித பவுலின் அறிவுரை. உண்மைதான். சினத்தை இன்றிரவே விட்டுவிடுவோம்; கணக்கைக் காலையில் பார்ப்போம். இந்த வாரம் மகனிடமோ, மருமகளிடமோ, கணவரிடமோ ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருந்தால், முதலில் நேரத்தைப் பார்ப்போம். அந்த ஒரு குறையை மட்டும் சொல்வோம். நேற்றிலிருந்து அவர்களோடு சேர்ந்து நடந்து இன்றைக்கு வருவோம்.

வேறொரு பழைய கடிகாரத்திலிருந்து எடுத்த விரலைப் பொருத்தி, பெரியவர் கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்தார். இப்போது அது தம்பியின் கையில் இருக்கிறது. அவன் தேதியைக் காலையில்தான் திருத்துகிறான்.

காலங்களின் ஆண்டவர் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.