ஈயம் பூசுவாரும் எரிசுழலி செப்பனிடுவாரும்

(தென்காசியில் மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'எரிசுழலி உறுப்புகளைச் செப்பனிடலும் காத்தலும்' என்று அழைப்பிதழில் கண்டவுடன், இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் நகைத்திருப்பீர்கள். என் வீட்டிலும் அதே கேள்விதான். விடையாக இதோ, இச் சிறுபொருளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். உள்ளங்கை நீளம். மாவிலைபோல் ஒருபுறம் குழிந்து மறுபுறம் குவிந்திருக்கிறது. அடியில் மீன்முள் போன்ற பல்வெட்டு. நுனி கருகியிருக்கிறது, ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். இஃது எரிசுழலியின் இதழ். இனிப் பயன்படாதென்று கழிக்கப்பட்ட ஒன்றை, உரியவர் இசைவோடு என் பழைய மாணவர் ஒருவர் எனக்குக் கொணர்ந்து தந்தார். அவர் தந்தையார் இவ்வூரில் ஏனங்களுக்கு ஈயம் பூசியவர். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வருகிறேன்.

சுழலி என்றால் நம் மாவட்டத்தார்க்குக் காற்றாலைதான் கண்முன் நிற்கும். அது காற்றுக்குச் சுழல்வது. இது தீக்குச் சுழல்வது. காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, அதில் எரிவளியைக் கொளுத்தி, அவ்வனலின் பாய்ச்சலால் இதழ்களைச் சுழலச் செய்வது எரிசுழலி. வானூர்தியை உந்துவதும் அதுவே. மின்னாக்கியைச் சுற்றுவதும் அதுவே. பிரித்தானியாவில் பிராங்கு விட்டில் என்பார் தம் பொறியை முதன்முதலாக ஓட்டியது 1937 ஏப்பிரல் 12-இல். நம் நாட்டிலும் சென்னைப் பேசின் பாலத்திலும், இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரிலும், குத்தாலத்திலும் மின்வாரியம் எரிசுழலிகளை நிறுவியது. குத்தாலம் என்றதும் அருவியை நினையாதீர். அது மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலம். அங்கே 2003-04-இல் எரிசுழலி 64, அதன் கழிவனலால் ஓடும் நீராவிச் சுழலி 37, ஆக 101 மெகாவாட்டு நிலையம் ஓடத்தொடங்கியது. "நம்ம அருவிக்கரையில எங்கய்யா இருக்கு அது?" என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். குற்றாலத்தைக் குத்தாலம் என்று பேசிப் பழகியதன் விளைவு! றகரத்தின் அருமை அன்று அவ்வகுப்புக்கு விளங்கியது.

இதழின் துன்பத்தைச் சொல்கிறேன். பெரிய எரிசுழலிகளில் அனல்வளி 1500 பாகை செல்சியசையும் கடக்கும். இதழ் செய்யப்பட்ட முதன்மை மாழையாகிய நிக்கலோ 1455 பாகையில் உருகிவிடும். தான் உருகத்தக்க அனலில் நின்றுகொண்டு, மணித்துளிக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுழன்று, வெளியே பிய்த்தெறியப் பார்க்கும் பல தன் இழுவிசையையும் அவ்விதழ் தாங்கவேண்டும். இதற்காகவே நிக்கலோடு குரோமியம், கோபால்ட்டு, அலுமினியம், தைட்டானியம், தங்குதன் முதலியவற்றைச் சேர்த்து ஒரு கலவை ஆக்கினர். 'சூப்பர் அலாய்' என்பர். நான் 'மீக்கலவை' என்கிறேன். தனிமங்களின் பெயரையும் மாற்றவேண்டும் என்பார் இவ்வவையில் உளர்; நான் அக்கட்சியினன் அல்லேன். நிக்கல் என்பதே வசையாகப் பிறந்த பெயர். செம்புக் கல் என்று நம்பி உருக்கியும் செம்பு வராமையால், செருமானியச் சுரங்கத்தார் 'குட்டிப்பேயின் வேலை' என்று திட்டிய சொல்லது. அப்பேய் அப்படியே இருக்கட்டும். தமிழ் ஒலியில் எழுதினால் போதும். செய்யும் தொழிலுக்கும் பழுதுக்கும்தான் தமிழ்ச்சொல் கட்டாயம் வேண்டும். ஏனென்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தொழிற்பயிற்சி மாணவர்க்கென ஒரு சொற்பட்டியல் தொகுத்துத் தந்தேன். அதில் 'கொரோசன்' என்பதற்கும் 'அரிமானம்' என்றெழுதினேன். 'எரோசன்' என்பதற்கும் 'அரிமானம்' என்றே எழுதினேன். கை ஓட்டத்தில் நேர்ந்த பிழை அன்று. இரண்டும் ஒன்றென்றே எண்ணியிருந்தேன். நான் சொன்ன மாணவர் அப்பட்டியலை மனப்பாடம் செய்து ஒரு நேர்காணலுக்குப் போனார். "இதழில் இவை இரண்டும் எவ்வாறு வேறுபடும்?" என்று கேட்டிருக்கின்றனர். அவர் தமிழில் எண்ணிப் பார்த்தார். தமிழில் இரண்டும் ஒன்றாயிருந்தன. வேறுபாடில்லை என்று விடை சொன்னார். வேலை போயிற்று. மறு ஆண்டு வேறோரிடத்தில் கிடைத்தது என்பது அவர் திறம். முதல் இழப்பு என் குற்றம்.

அவற்றின் வேறுபாட்டைப் பின்னர் அவரே எனக்குக் கற்பித்தார். காற்றோடு வரும் மணலும் தூசியும் மோதிமோதி இதழைத் தேய்ப்பது ஒன்று. அஃது அம்மி தேய்வது போல, தேய்வு. வடிகட்டியைச் செம்மையாக வைத்தால் பெரும்பாலும் தடுக்கலாம். மற்றது உப்பின் வேலை. கடற்காற்றில் கரைந்துவரும் உப்பும் எரிபொருளில் உள்ள கந்தகமும் அனலில் கூடிச் சோடியம் சல்பேட்டு ஆகின்றன. அது 884 பாகையில் உருகி, இதழின் மேல் நெய்போல் படர்ந்து, அதன் காப்புத்தோலைக் கரைத்துத் தின்கிறது. வழுதூர் போலக் கடலுக்கு அண்மையில் உள்ள நிலையங்கள் அஞ்சவேண்டியது இதற்குத்தான். இதற்கு மருந்து குரோமியமும் அலுமினியமும் மிகுந்த பூச்சு. நோய் வேறு, மருந்தும் வேறு. கடற்கரை ஊர்களில் "உப்புக் காத்து அரிச்சிருச்சு" என்கிறார்களே, அதுவே சொல். இப்பொழுது என் பட்டியலில் 'தேய்வு' என்றும் 'உப்பரிப்பு' என்றும் பிரித்தெழுதியிருக்கிறேன்.

காப்புத்தோல் என்றேன். மீக்கலவையில் உள்ள அலுமினியம் உயிர்வளியோடு கூடி மெல்லிய படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்ளும். அது கிழிந்தால் உள்ளிருக்கும் அலுமினியமே மீண்டும் வந்து மூடும். ஆயின் மூடிமூடி அச்சேமிப்புத் தீர்ந்துபோகும். ஆதலால் மேலும் அலுமினியத்தை ஏற்றுகிறார்கள். எவ்வாறு? அலுமினியப் பொடி, களிமப் பொடி, அவற்றோடு சிறிது நவச்சாரம். இக்கலவைக்குள் இதழ்களைப் புதைத்து, பெட்டியை மூடி, காற்றுப் புகாமல் ஆயிரம் பாகை அளவில் பல மணிநேரம் சுடுகிறார்கள். நவச்சாரம் ஆவியாகிப் பிரிந்து, அலுமினியத்தை வளிவடிவில் சுமந்துசென்று இதழின்மேல் இறக்குகிறது. நிக்கலும் அலுமினியமும் ஒன்றி, ஒரு மில்லி மீட்டரில் இருபதில் ஒரு பங்களவு தடித்த பூச்சாகின்றன.

நவச்சாரம்! இச்சொல்லை மாணவர் சொன்னபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். உடனே அவரை அழைத்துக்கொண்டு அவர் தந்தையாரிடம் போனேன். எண்பதைத் தொட்டவர். மகன் ஏதோ வெளியூரில் இரும்பு வேலை பார்க்கிறான் என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். குலத்தொழிலை விட்டுவிட்டானே என்ற மனக்குறையும் உண்டு. "அண்ணாச்சி, ஈயம் பூசும்போது நவச்சாரம் எதுக்குப் போடுதிய?" என்று கேட்டேன். "அது போடலைன்னா ஈயம் ஒட்டாது வாத்தியாரய்யா. பித்தளையில இருக்க களிம்பை அதுதான் எடுக்கும்" என்றார். வேதியலார் சொல்வதும் அதுவே. சூட்டில் நவச்சாரம் பிரிந்து காடியாவியை விடும். அது களிம்பை நீக்கும். துணியால் துடைத்தெடுக்க வெள்ளீயம் வெண்ணிலவுபோல் படரும். அங்கே 232 பாகையில் உருகும் ஈயம். இங்கே ஆயிரம் பாகையில் அலுமினியம். அங்கே துருத்தியும் பஞ்சும். இங்கே மூடிய உலை. உப்பு ஒன்றே. "உங்கள் மகன் செய்வதும் ஈயம் பூசுவதுதான் அண்ணாச்சி, ஏனம் மட்டும் பெரிது" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

பிறகு அவர் கேட்டதுதான் எங்கள் இருவரையும் திகைக்க வைத்தது. "எத்தனை தடவை பூசலாம்?" ஒவ்வொரு முறையும் பழைய பூச்சைச் சுரண்டும்போது ஏனமும் கொஞ்சம் தேயுமே என்பது அவர் கணக்கு. சுழலிப் பட்டறையின் முதற்கணக்கும் அதுவே! பழைய பூச்சைக் காடியில் இட்டுக் கழற்றும்போது இதழின் சுவரும் மெலிகிறது. இதழ் உள்ளீடற்றது, குளிர்காற்று ஓடுவதற்கு உள்ளே வழிகள் உண்டு. சுவர் மெலிந்தால் கழிக்கவேண்டியதுதான்.

செப்பனிடுதல் இன்னும் கடினம். விரிசல் கண்ட இதழைப் பற்றவைத்தால், அலுமினியமும் தைட்டானியமும் மிகுந்த கலவையாதலால், பற்றவைத்த இடத்தருகே புதுவிரிசல் பிறக்கும். ஆகவே பொற்கொல்லர் வழியை நாடினர். தாய்மாழை உருகாமல், அதனினும் தாழ்ந்த சூட்டில் உருகும் பொடியை விரிசலில் வைத்து வெற்றிடத்தில் சூடேற்றினால், அஃது உருகி உட்புகுந்து இறுகும். அப்பொடியின் உருகுநிலையைத் தாழ்த்துவது போரான். போரான் எங்கிருந்து? வெங்காரத்திலிருந்து! பொற்கொல்லர் பொடிவைத்து ஊதும்போது இடும் அதே வெங்காரத்தின் உட்பொருள். இரண்டிலும் அதன் வேலை ஒன்றன்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். பொற்கொல்லர்க்கு அது மாசைக் கரைக்கிறது. இங்கே பொடியை எளிதில் உருகச்செய்து, பின் மெல்லமெல்லத் தாய்மாழைக்குள் ஊடுருவிக் கலைகிறது. அது கலையக் கலைய இணைப்பின் உருகுநிலை மேலேறும். மறுமுறை அதே சூட்டுக்கு இளகாது. விரிசலுக்குள் படிந்த களிம்பை நீக்க வெங்காரம் போதாது. புளோரின் கலந்த கொடிய நச்சுவளியை மூடிய உலையில் செலுத்துகிறார்கள். 'பிரேசிங்' என்பதற்கு நான் வேறு சொல் தேடவில்லை. 'பொடிவைப்பு' என்று ஆசாரிமார் தெருவில் இருக்கிறது; எடுத்துக்கொண்டேன்.

இவ்வூரில் செப்பனிடுதலைத் தாழ்வாகப் பேச இடமில்லை. நம் பெரியகோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், 15-ஆம் நூற்றாண்டிலேயே, இக்கோயிலுக்கு வரக்கூடாத குறை ஏதும் வந்தால் அதை வந்து நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிந்தேன் என்று கல்லில் பொறித்துவைத்தான். கட்டிய வேந்தன், செப்பனிடப்போகும் முகமறியாத ஒருவனை வணங்குகிறான். நெடுங்காலம் சிதைந்து நின்ற கோபுரம் மீண்டும் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டதை இங்குள்ள மூத்தோர் பலர் கண்ணாரக் கண்டீர்கள்.

இனி, மேற்பூச்சு. அலுமினியப் பூச்சும் போதாத அனலுக்கு, அதன்மேல் சுடுமண் போன்ற ஒரு போர்வை வேண்டும். அது சிர்க்கோனியா. தனித்து நின்றால் சூடேறிக் குளிரும்போது பருமன் மாறி வெடித்துவிடும். நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு இட்ரியம் ஆக்சைடு சேர்த்து அதை நிலைநிறுத்துகிறார்கள். ஒரு மில்லி மீட்டரிலும் குறைந்த இப்போர்வை, உள்ளே குளிர்காற்றும் ஓடுமாயின், மாழை உணரும் சூட்டை நூறு பாகையளவு குறைக்கவல்லது. சிர்க்கோனியா பிறப்பது சிர்க்கான் மணலில். அம்மணல் கிடைப்பது எங்கே? நமக்குத் தெற்கே மணவாளக்குறிச்சியில்! கயிற்றோடு ஒட்டிச் செருமனிக்குப் போன மணலை ஆய்ந்து, அதில் மோனசைட்டு இருப்பதை 1909-இல் கண்டவர் சோம்பர்க்கு. இன்று அரசு நிறுவனம் அங்கே சிர்க்கானையும் பிரித்தெடுக்கிறது. அதே கரையில் கிள்ளியூர் வட்டத்தில் 1144 எக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை 2024-இல் மீனவ ஊர்கள் எதிர்த்தெழுந்ததையும் மறைத்துப் பேசமாட்டேன். இதழுக்குப் போர்வை தேவை. கடற்கரைக்கும் மணலே போர்வை.

இப்போர்வைக்கும் பகை உண்டு. 1982 சூன் 24-இல் சாவகத் தீவின் மேலே எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரித்தானிய வானூர்தியின் நான்கு பொறிகளும் நின்றுபோயின. சாம்பல் உள்ளே உருகிக் கண்ணாடியாய் ஒட்டிக்கொண்டது. தாழ இறங்கியபின் பொறிகள் மீண்டும் ஓடியமையால் எல்லாரும் பிழைத்தனர்.

நம் நாட்டு முயற்சியையும் ஒரு சொல் சொல்லவேண்டும். பெங்களூரில் 1989-இல் இசைவுபெற்ற வானூர்திப் பொறிக்குக் 'காவிரி' என்று பெயரிட்டனர். தேசசு வானூர்திக்கென எண்ணிய அப்பொறி 2008-இல் அதிலிருந்து பிரிக்கப்பட்டது. காவிரி என்ற பெயருக்கு நீர் மட்டுமன்று, தீயும் தட்டுப்பாடு போலும்! ஆயினும் அம்முயற்சி வீண் என்பார் கூற்றை ஒப்பேன். ஐதராபாத்தின் மாழை ஆய்வகம் உலங்கூர்திப் பொறிக்கென ஒற்றைப் பளிங்கு இதழ்கள் 60 வார்த்தளித்ததை 2021 ஏப்பிரலில் அறிவித்தனர். இதழ் முழுதும் ஒரே பளிங்காக வளர்வது. இடையில் பொருத்துவாய் எதுவும் இல்லாமையால் அனலில் மெல்ல நீள்வது குறையும். அதை வார்ப்பது மெழுகுவார்ப்பு முறை. சுவாமிமலையில் திருமேனி வார்க்கிறார்களே, அதன் உறவு முறை. உடனே 'எல்லாம் நம்மிடமிருந்து போனது' என்று கைதட்ட வேண்டா. சிவகளை இரும்பின் தொன்மையை 2025-இல் அரசு அறிவித்தபோது எனக்கும் மெய்சிலிர்த்தது. ஆயினும் அவ்விரும்பு இவ்விதழைக் குளிர்விக்காது. மெழுகை அறிந்த கையும் நவச்சாரத்தை அறிந்த கையும் நம் தெருவில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் பேசும் சொல்லை நம் தொழிற்பள்ளி நூல்கள் கேட்டறியவில்லை என்பதே என் குறை. சொல்லாக்கக் குழுவில் பண்டிதர் இருக்கிறார், பேராசிரியர் இருக்கிறார், ஈயம் பூசுபவர் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்பெரியவர் இந்த இதழை வாங்கி விளக்கொளியில் திருப்பித்திருப்பிப் பார்த்தார். விரல் நகத்தால் விரிசலைத் தடவினார். நுனிக் கருகலை மோந்தும் பார்த்தார். "இந்தப் பூச்சு தீஞ்சு போகல, உப்பு தின்னுருக்கு" என்றார் மகனைப் பார்த்து. பட்டறை ஆய்வுத்தாளிலும் அதுதான் எழுதியிருந்தது என்று மகன் சொன்னார்.

இதழை மேசைமேல் வைக்கிறேன். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பாருங்கள். ஓரத்தில் விரலை வைத்து இழுக்காதீர்கள், வெட்டும்.